குழந்தையின் டயப்பரை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்

"டயப்பர் வேண்டாம், துணியே போதும்" என்பது இன்று நம்மிடையே எதிர்ப்பே இல்லாமல் உலவுகிற கருத்து. பாட்டிமார் அனுபவத்தின் பெயரில் அதைச் சொல்கிறார்கள். சூழலியல் பேசுவோர் பூமியின் பெயரில் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுகள் மருத்துவத்தின் பெயரில் சொல்கின்றன. வேறு எதிலும் ஒத்துப்போகாத இந்த மூன்று தரப்பும் இதில் மட்டும் ஓரணியில் நிற்கின்றன. "நாங்க எல்லாம் பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டித்தானே வளர்த்தோம், என்ன கெட்டுப்போச்சு?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் பேச்சு அத்தோடு முடிகிறது. டயப்பர் வாங்குகிற தாய்க்குச் சோம்பேறி என்ற பட்டம் மிஞ்சுகிறது.

இந்தக் கருத்தை மறுக்கவே எழுதுகிறேன். இன்று கடையில் கிடைக்கும் டயப்பரில் குறைகள் ஏராளம். அவற்றை மூடி மறைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அவை ஒவ்வொன்றும் பெயர் சொல்லக்கூடிய, அளந்து பார்க்கக்கூடிய, திருத்தக்கூடிய குறைகள். திருத்துவதற்கான அறிவு நம் நாட்டிலேயே இருக்கிறது. அதில் முக்கியமான ஒரு பகுதி டெல்லி புசா ரோட்டின் பெயருக்கே காரணமான இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. "துணிக்குத் திரும்பு" என்ற உபதேசம் அந்த வேலையைத் தொடங்கவே விடாமல் தடுக்கிறது. அது செய்கிற பெரிய கேடு அதுதான்.

துணியை யார் துவைத்தார்கள்?

துணி இலவசம், டயப்பர் செலவு என்ற கணக்கிலிருந்து தொடங்குவோம். இந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அது துவைப்பவரின் உழைப்பு.

பிறந்த சில வாரங்களில் குழந்தை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நனைக்கும். ஒவ்வொரு துணியையும் அலசி, ஊறவைத்து, சோப்புப் போட்டு, சோப்பு போகும்வரை மறுபடி அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். சோப்பு மிச்சம் இருந்தால் அதுவே குழந்தையின் தோலை எரிக்கும். பிரசவத்தின் தையல் ஆறாத உடம்போடு, இரவில் தொடர்ந்து இரண்டு மணி நேரம்கூடத் தூங்காத ஒரு பெண்ணிடம் இந்த வேலையைக் கொடுத்துவிட்டு அதற்கு இயற்கை வாழ்வு என்று பெயர் வைக்கிறோம்.

டெல்லியில் புசா ரோட்டையும் கரோல் பாக்கையும் ஒட்டிய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று புசா ரோட்டிலேயே இருக்கிறது. ஊரிலிருந்து வேலைக்கு வந்து ஓர் அறையோ மொட்டை மாடி பர்சாத்தியோ வாடகைக்குப் பிடிக்கும் இளம் தம்பதிகள் இன்றும் வருகிறார்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இங்கே பல நாள்கள் வெயிலே அடிக்காது. காலையில் பிழிந்து போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே தொங்கும். ஹீட்டர் முன்னால் நாற்காலியைப் போட்டு அதன் முதுகில் துணியைக் காயவைப்பார்கள். மூடிய அறையில் அந்த ஈரமும் வாடையும் நிறைய, அதே காற்றைக் குழந்தை சுவாசிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னை அடுக்ககத்தில் நடப்பதும் இதுதான். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் வீட்டில் மூத்திரத் துணி அலசுவதற்கென்று தனியாகத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

"அந்தக் காலத்தில் முடிந்ததே" என்பவர்கள் அந்தக் காலத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அத்தை, சித்தி, கல்யாணமாகாத நாத்தனார் என்று பல கைகள் இருந்தன. கிராமங்களில் பேறுகாலத் தீட்டுத் துணியை எடுத்துப்போய் வெளுத்துக் கொடுத்தது வண்ணார் குடும்பத்துப் பெண்கள். அதற்குக் கூலியாக அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சோறும் தானியமும்தான். சாதி சுமத்திய வேலையின் மேல்தான் அந்த வெள்ளைத் துணியின் எளிமை நின்றது. இன்றைய நகரத்தில் அந்த வேலை வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் போகிறது; அவருடைய கைக்குழந்தையோ அக்காவின் இடுப்பில் இருக்கிறது, அந்த அக்காவுக்கே பள்ளிக்கூடம் போகும் வயது. துணியை வாழ்த்தி எழுதுபவரும் அதைத் துவைப்பவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம்.

காலும் வளையாது, சிறுநீரகமும் கெடாது

அடுத்தது உடம்பைப் பற்றிய அச்சம். டயப்பர் கட்டினால் கால் வளைந்துவிடும் என்கிறார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் பிறக்கும்போதே கால் வில்லாகத்தான் இருக்கும். கருப்பைக்குள் மடங்கிக் கிடந்ததன் விளைவு அது. இரண்டு வயதை ஒட்டித் தானாகவே நிமிரும். துணி கட்டிய குழந்தைக்கும் அப்படித்தான், ஒன்றுமே கட்டாத குழந்தைக்கும் அப்படித்தான். சிறுநீரகம் கெடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

தோல் சிவந்து தடித்துப் புண்ணாவது மட்டும் உண்மையான சிக்கல். அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பழியை எங்கே போடுவது என்பதும் தெரியும். சிறுநீரில் யூரியா இருக்கிறது. மலத்திலுள்ள கிருமிகள் அந்த யூரியாவை உடைத்து அமோனியாவாக்குகின்றன. அதனால் தோலின் மேற்பரப்பில் காரத்தன்மை ஏறுகிறது. காரம் ஏறினால் மலத்திலுள்ள செரிமான நொதிகள் விழித்துக்கொண்டு தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. ஈரத்தில் ஊறி மென்மையான தோல் எளிதில் கிழிகிறது. ஆக, தோல் உலர்ந்திருக்க வேண்டும், சிறுநீரும் மலமும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஈரத்துணி இந்த இரண்டையும் செய்யாது. நனைந்த நொடியிலிருந்து மாற்றும் நொடிவரை அது ஈரத்தைத் தோலோடு வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும். சிறுநீரை உள்ளே பூட்டிவைக்கும் ஜெல் டயப்பர்கள் வந்தபோது 1980களில் நடந்த மருத்துவ ஒப்பீடுகளில் துணி கட்டிய குழந்தைகளைவிட அவற்றைக் கட்டிய குழந்தைகளுக்குத் தோல் புண் குறைவாகவே இருந்தது.

அப்படியானால் நம் வீடுகளில் டயப்பர் போட்ட குழந்தைக்குப் புண் வருவது ஏன்? விலை அதிகம் என்பதால் நாளைக்கு ஒன்றை மட்டும் கட்டி, அதையே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழற்றாமல் விடுகிறோம். தெருமுனைக் கடைகளில் சரம்சரமாகத் தொங்கும் ஒற்றை டயப்பர் உறைகள் அப்படி வாங்குகிறவர்களுக்காகவே தொங்குகின்றன. நாளைக்கு ஆறேழு மாற்றும் வீட்டை மனத்தில் வைத்து உருவான ஒரு பொருளை, ஒன்றே ஒன்று வாங்க முடிகிற வீட்டில் பயன்படுத்துகிறோம். இதில் தாயின் குற்றம் ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்கு ஏற்ற பொருள் இன்னும் வடிவமைக்கப்படவில்லை.

வெட்டிப் பார்த்தால் தெரிவது

"டயப்பரில் வடிவமைக்க என்ன இருக்கிறது? வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார்கள்" என்பது அடுத்த வாதம். சமையலறை மேடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். புதிய டயப்பர் ஒன்றைக் கத்தரியால் நடுவே வெட்டி ஒரு தட்டில் உதறுங்கள். பஞ்சு உதிரும். அதனோடு வெள்ளைக் குருணையும் உதிரும். பஞ்சு என்பது பைன் மரக்கூழ். குருணைதான் சோடியம் பாலிஅக்ரிலேட். குருணையை ஒரு தேக்கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் குடிநீர் ஊற்றினால் பார்க்கப் பார்க்க ஊதி, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் கொட்டாத ஜெல்லாகும். அதன்மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக் கிளறுங்கள். ஜெல் தளர்ந்து, பிடித்து வைத்திருந்த தண்ணீரை விட்டுவிடும்.

டயப்பர் வடிவமைப்பின் மையச் சிக்கல் இந்தக் கிண்ணத்தில் தெரிகிறது. காய்ச்சி வடித்த நீரைத் தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு குடிக்கும் குருணை, உப்பு கலந்த சிறுநீரை முப்பது முதல் ஐம்பது மடங்குதான் குடிக்கும். குழந்தை அதன்மேல் உட்கார்ந்து அழுத்தினால் இன்னும் குறையும். இருபது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தை மணிக்குக் கிலோவுக்கு 2 மில்லி வீதம் சிறுநீர் கழித்தால் பத்து மணி நேர இரவில் 160 மில்லி ஆகும். எட்டு கிராம் குருணை போதும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வராது. 30, 40 மில்லி சில நொடிகளில் ஒரே இடத்தில் பாயும். அந்த இடத்துக் குருணை உடனே ஊதி ஒன்றோடொன்று ஒட்டி வழியை அடைத்துக்கொண்டால், பக்கத்திலுள்ள குருணை உலர்ந்தே இருக்க, சிறுநீர் தொடை வழியாக வெளியேறும். ஆகவே பாய்ச்சலை வாங்கிப் பரப்புவதற்கு நடுவில் ஒரு அடுக்கு வேண்டும். மேலே தோலைத் தொடும் அடுக்கு நீரை உள்ளே விட வேண்டும், திரும்ப விடக் கூடாது. அடியில் இருக்கும் தாள் நீரைத் தடுக்க வேண்டும், நீராவியை மட்டும் வெளியே விட வேண்டும். ஓரத்தில் நிற்கும் மடிப்பு தொடையை அழுத்தாமல் கசிவைத் தடுக்க வேண்டும். சுமார் முப்பது கிராம் எடையில் இத்தனையும் அடங்க வேண்டும். இது எளிய பொருள் என்று சொல்பவர் அதை ஒருமுறைகூட வெட்டிப் பார்க்காதவர்.

இந்த அறிவு வானத்திலிருந்து விழுந்துவிடவில்லை. அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற தாய் 1940களில் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தையல் இயந்திரத்தில் தைத்து, நீர் கசியாத மேலுறை ஒன்றைச் செய்தார். உற்பத்தியாளர்கள் ஏற்க மறுத்ததால் 1949இல் தானே அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் வேலரி ஹன்டர் கோர்டன் மூன்றாவது குழந்தைக்குத் துணி துவைத்து அலுத்துப்போய், பழைய பாராசூட் துணியில் மாற்றக்கூடிய திண்டு வைக்கும் உறை ஒன்றைத் தைத்தார். பாம்பர்ஸ் 1961இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் முதன்முதலாகச் சோதனைக்கு வந்தபோது ஒன்று 10 சென்ட். தாய்மார்களுக்குப் பொருள் பிடித்திருந்தது, விலைதான் கட்டவில்லை. இயந்திரத்தையும் உற்பத்தி முறையையும் மாற்றி விலையை இறக்கிய பிறகுதான் அது வீடுகளுக்குள் நுழைந்தது. வீட்டில் துவைத்து அலுத்தவர்கள் செய்த மாதிரிகளாலும், விலை கட்டும்வரை விடாமல் திருத்தியதாலும் வந்த பொருள் இது.

நம் வீட்டுக் குழந்தைக்கு ஏற்ப அதைத் திருத்தும் வேலை இன்னும் பாக்கி. நம் குழந்தையின் இடுப்பில் அரைஞாண் கயிறோ வெள்ளிக்கொடியோ இருக்கும். இறுக்கமான இடுப்புப் பட்டி அதைத் தோலில் அழுத்தித் தடம் பதிக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் நமக்கு உண்டு, எண்ணெய் பட்ட இடத்தில் ஒட்டுப்பட்டை பிடிக்காது. நம் குழந்தை தூளியில் தூங்குகிறது. சமமான மெத்தையில் மல்லாந்து படுத்த குழந்தைக்குச் சரியாக வேலை செய்யும் டயப்பர், உடல் வளைந்து எடை முழுவதும் புட்டத்தில் இறங்கும் தூளியில் முதுகுப் பக்கம் கசிகிறது. மே மாதத்து வேலூருக்கும் டெல்லிக்கும் காற்றோட்டம் எவ்வளவு வேண்டும் என்பது குளிர்நாட்டு அளவையில் வராது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை பார்க்கப்பட்ட குழந்தைகளில் 18 விழுக்காட்டினர் 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தவர்கள். அவர்களுடைய மெல்லிய தொடைக்கும் கடையில் கிடைக்கும் மிகச் சிறிய அளவுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. அரைஞாணும் தூளியும் எண்ணெயும் வடிவமைப்பாளர் கணக்கில் எடுக்க வேண்டிய உண்மைகள். வெளியிலிருந்து வந்து யாரும் இவற்றை நமக்காகக் கணக்கில் எடுக்கப் போவதில்லை.

புசாவில் பிறந்த ஜெல்

புசா ரோட்டுக்குப் பெயர் கொடுத்த இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1905இல் பீகாரின் புசா கிராமத்தில் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையில் தொடங்கியது. 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்ததால் 1936இல் டெல்லிக்கு வந்தது. 1960களில் கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் அதன் இயக்குநராக இருந்தபோது நாட்டின் கோதுமை வரலாறே அங்கே மாறியது. இதெல்லாம் பலருக்கும் தெரியும். அதே வளாகத்து வேளாண் வேதிப்பொருள் பிரிவில் 'புசா ஹைட்ரோஜெல்' உருவானது பலருக்குத் தெரியாது. மானாவாரி நிலத்தில் விதைக்கும்போது ஹெக்டேருக்குச் சில கிலோ போட்டால், மழை நீரையும் பாசன நீரையும் குடித்து வைத்திருந்து மண் காயும்போது வேருக்கு மெல்ல விட்டுக்கொடுக்கும் ஜெல் அது. தன் எடையைப் போலக் குறைந்தது 350 மடங்கு தூய நீரைப் பிடிக்கும். அதன் அடித்தளம் தாவரங்களிலிருந்து கிடைக்கும் செல்லுலோஸ். நம் கோடையின் 40, 50 டிகிரி மண் வெப்பத்திலும் வேலை செய்ய வேண்டும் என்பதையே நோக்கமாக வைத்து அதை வடிவமைத்தார்கள்.

டயப்பருக்குள் இருக்கும் குருணையின் நெருங்கிய உறவு இது. உலகில் இந்தக் குடும்பத்து ஜெல் மண்ணிலிருந்துதான் குழந்தையிடம் வந்தது என்றும் சொல்லலாம். அமெரிக்க வேளாண் துறை மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்ற ஜெல்லை உருவாக்கியபோது மண்ணில் ஈரம் காப்பதும் விதைக்குப் பூசுவதும் அதன் முக்கியப் பயன்களாக இருந்தன. அந்த ஆய்வகம் இருந்ததும் பியோரியாவில்தான், பாம்பர்ஸ் முதலில் விற்பனைக்கு வந்த அதே ஊரில். பிறகு அக்ரிலிக் அமிலத்தில் செய்த ஜெல்கள் மலிவாக வந்து இடத்தைப் பிடித்தன. ஜப்பானில் 1970களின் இறுதியில் மாதவிடாய் நாப்கினுக்குள்ளும், அடுத்த சில ஆண்டுகளில் டயப்பருக்குள்ளும் ஜெல் நுழைந்தது. அங்கே வேளாண் ஆய்வகத்துக்கும் தொட்டிலுக்கும் இடையே ஒரு பாதை உண்டானது. இங்கே ஜெல் மண்ணோடு நின்றுவிட்டது.

புசா ஹைட்ரோஜெல்லை அப்படியே எடுத்து டயப்பரில் அடைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மண்ணுக்குச் செய்த ஜெல் மெதுவாகக் குடித்தால் போதும், டயப்பர் ஜெல் நொடிகளில் குடிக்க வேண்டும். மண்ணில் உப்பு குறைவு, சிறுநீரில் அதிகம். மண்ணுக்குத் தேவையில்லாத தோல் பாதுகாப்புச் சோதனைகள் இங்கே அத்தனையும் வேண்டும். அழுத்தத்தில் செல்லுலோஸ் ஜெல்கள் தளர்ந்துவிடுவது இந்தத் துறையின் பழைய தலைவலி. இவை தீர்க்க முடியாத கேள்விகள் அல்ல. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய கேள்விகள். கோதுமைக் குட்டை ரகத்துக்கு அப்படி உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். குழந்தையின் மூத்திரத்துக்காக உட்காருவது கௌரவக் குறைவு என்ற எண்ணம்தான் குறுக்கே நிற்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குப்பை என்னும் வலுவான வாதம்

துணித் தரப்பின் மிக வலுவான வாதம் குப்பை. அதை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். டெல்லியில் வீசப்படும் டயப்பர் காஸிப்பூரிலோ பல்ஸ்வாவிலோ குப்பை மலையில் போய்ச் சேர்கிறது. வழியில் மலத்தோடு இருக்கும் அதைக் கையால் பிரிப்பது குப்பை பிரிக்கும் தொழிலாளி, பெரும்பாலும் கையுறைகூட இல்லாமல். அதிலுள்ள பிளாஸ்டிக் நம் பேரன் பேத்திகளின் காலத்திலும் மக்காது. இது அநியாயம், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் இந்த அநியாயத்தை இதுவரை குறைத்தது எது? ஜெல் வந்ததால் மரக்கூழ் குறைந்தது; 1980களில் இருந்ததைவிட டயப்பரின் எடை வெகுவாக இறங்கியது. எந்தப் பிரசாரமும் செய்யாத அளவுக்குக் குப்பையைக் குறைத்தது அந்த ஒரு மாற்றம். துணியின் தரப்பிலும் கணக்கு அவ்வளவு எளிதல்ல. பிரிட்டனில் 2005இலும் 2008இலும் அரசு சார்பில் நடந்த வாழ்நாள் ஆய்வுகள் துணிக்கும் டயப்பருக்கும் சூழல் பாதிப்பில் பெரிய வேறுபாடு இல்லை என்றன. 2023இல் வந்த புதிய கணக்கில் துணியின் கரியுமிழ்வு டயப்பரைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவு. இதை நான் மறைக்கவில்லை. நல்ல இயந்திரமும் தண்ணீரும் வெயிலும் நேரமும் உள்ள வீடு துணியைத் தேர்ந்தால் அது நல்ல தேர்வு. அந்த நான்கும் இல்லாத வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நம் நாட்டில் அப்படிப்பட்ட வீடுகளே அதிகம்.

"மூங்கில் டயப்பர்", "இயற்கை டயப்பர்" என்று அதிக விலைக்கு விற்கப்படுபவற்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பலவற்றில் தோலைத் தொடும் மெல்லிய அடுக்கு மட்டுமே மூங்கில் விஸ்கோஸ். உள்ளே அதே குருணை, அடியில் அதே பிளாஸ்டிக் தாள். சிக்கலைத் தீர்க்காமல் மனச்சாட்சிக்கு மட்டும் மருந்து விற்கும் வணிகம் இது. 2021இல் டெல்லியைச் சேர்ந்த டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு சந்தையில் வாங்கிய டயப்பர்களைச் சோதித்து, அவற்றில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட் வேதிப்பொருள்கள் இருப்பதாகச் சொன்னது. ஆக, உறையில் அச்சிட்ட இலைப் படத்தை நம்பிப் பயனில்லை. உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு என்று உறையில் எழுதச் செய்ய வேண்டும்.

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பர் தயாரிப்பவர்கள் முழுவதும் மறுசுழற்சி செய்யக்கூடிய பொருள்களைப் பயன்படுத்தும் வாய்ப்பை ஆராய வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு டயப்பரையும் சுற்றி எறிய உறை தர வேண்டும் என்றன. "இல்லையேல்" என்ற அந்த வழியில் எல்லாரும் தப்பித்துக்கொண்டார்கள். பையில் சுற்றி எறிந்தாலும் பை போய்ச் சேரும் மலை அதேதான். இத்தாலியில் ட்ரெவீஸோ பக்கம் ஃபாட்டர் நிறுவனம் 2017இல் பயன்படுத்திய டயப்பரைக் கிருமி நீக்கி, செல்லுலோஸ், ஜெல், பிளாஸ்டிக் என்று தனித்தனியாகப் பிரிக்கும் ஆலையை நிறுவியது. அடுக்குகளைச் சூடான பசையால் இறுக ஒட்டிவிட்டுப் பிறகு பிரிப்பது கடினம். பிரிப்பதை நினைத்தே ஒட்டினால் வேலை எளிதாகும். இதுவும் வடிவமைப்பு மேஜையில் எடுக்க வேண்டிய முடிவுதான்.

செய்ய வேண்டியது

மரக்கூழுக்குப் பதில் என்ன என்ற கேள்விக்கு நம்மிடம் முன்மாதிரி உண்டு. கரும்புச் சக்கையில் நல்ல காகிதம் வராது என்ற காலத்தில் கரூர் அருகே தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980களில் அதே சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் தயாரித்துக் காட்டியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் சிசல் கற்றாழை நாரிலிருந்து பருத்தியைவிட அதிகம் உறிஞ்சும் பஞ்சைச் செய்ததாக வெளியிட்டார்கள். அகமதாபாத்தில் வாழை நாரில் நாப்கின் செய்கிறார்கள். ராஜஸ்தானிலிருந்து கிளம்பிய ஈ.எஃப். பாலிமர் நிறுவனம் பழத்தோல் கழிவிலிருந்து மண்ணுக்கான ஜெல் செய்கிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஒவ்வோர் ஐப்பசியிலும் எரியும் வைக்கோலும் செல்லுலோஸ்தான். அந்தப் புகை டெல்லிக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் போகிறது. அதே குழந்தைகளின் டயப்பருக்குப் பைன் கூழ் கப்பலில் வருகிறது. வைக்கோல் நார் குட்டையானது, அதில் மணல்சத்து அதிகம் என்பது உண்மை. சக்கை நாரும் குட்டைதான்.

கோவையில் மாதவிடாய் நாப்கின் செய்ய முனைந்த அருணாசலம் முருகானந்தம் இதைவிடக் கடினமான இடத்திலிருந்து தொடங்கினார். நாப்கினுக்குள் இருப்பது வெறும் பஞ்சு என்று நம்பிப் பல ஆண்டுகள் தோற்று, அது மரக்கூழ் என்று கண்டுபிடித்து, கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பித் தன் உடம்பிலேயே கட்டிச் சோதித்தார். ஊர் அவரை ஒதுக்கியது. 2016இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. தனிமனிதர் ஒருவரின் பிடிவாதத்தால் நாப்கினில் நடந்ததை, பொதுப்பணத்தில் இயங்கும் ஆய்வகங்கள் டயப்பரில் செய்ய முடியாது என்று யாராவது சொல்ல முடியுமா?

வேலைப் பங்கீடுகூடக் கண்ணுக்குத் தெரிகிறது. செல்லுலோஸ் ஜெல்லை உப்புநீரிலும் அழுத்தத்திலும் வேகமாகக் குடிக்கவைப்பது புசாவின் வேலை. மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையம் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில் இருக்கிறது. அடுக்குகளும் சோதனையும் அவர்கள் பொறுப்பு. சோதனை எளிமையானது: லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த சாயநீரை ஊற்றி, எத்தனை நொடியில் உள்ளே போகிறது, மேலே எடை வைத்து அழுத்தினால் எத்தனை கிராம் திரும்பி வருகிறது என்று அளக்க வேண்டும். அதில் தூளியில் தொங்கவிட்டும் ஒரு சோதனை, எண்ணெய் தடவியும் ஒரு சோதனை, பத்து மணி நேரம் கழித்தும் ஒரு சோதனை சேர வேண்டும். டயப்பருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 17509 வந்தது 2021இல்தான். அடுத்த திருத்தத்தில் இவை இடம்பெற வேண்டும். அக்ரிலிக் அமிலம் தேவைப்படும் பகுதிக்கு 2021 முதல் கொச்சியில் பி.பி.சி.எல். நிறுவனத்தின் உற்பத்தி இருக்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கான அளவைப் பிரசவ மருத்துவமனைச் செவிலியர்களோடு சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். எந்தத் தொடையில் எங்கே கசியும் என்று அவர்களைப்போல் அறிந்தவர் இல்லை. உருவாகும் வடிவத்தின் காப்புரிமையைத் திறந்து வைத்தால், சிறு ஆலைகளும் மகளிர் குழுக்களும் அதைச் செய்ய முடியும்.

அரசு 2025 செப்டம்பரில் குழந்தை நாப்கின்களுக்கும் டயப்பர்களுக்கும் சரக்கு சேவை வரியை 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தது. இதை ஆடம்பரப் பொருளாகக் கருத முடியாது என்று அரசே ஒப்புக்கொண்டதற்கு அது சமம். ஒப்புக்கொண்ட பிறகு, இருக்கும் பொருளை மலிவாக விற்க வழி செய்வதோடு நிற்கக் கூடாது. நல்ல பொருளை உருவாக்கவும் பணம் ஒதுக்க வேண்டும்.

துணி கட்ட வசதியும் விருப்பமும் உள்ளவர்கள் கட்டட்டும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கு, வீட்டுக்கு வீடு உபதேசம் செய்துவிட்டு ஆய்வகங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காத பொதுக்கருத்தோடு. குப்பை மலையைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுபவர் முறையிட வேண்டிய இடம் புசாவும் கோவையும் தரநிலைக் குழுவும். அங்கே வேலை தொடங்கட்டும். அதுவரை தாய்மார்களுக்குச் சொல்லும் புத்தியை நிறுத்தி வைப்போம்.